மைக்கை அணைத்த பிறகும்

கொரோனாவின் இரண்டாவது அலையில் பத்தொன்பதாவது ஆளைப் புதைத்த மறுநாள், பகல் மூன்று மணிக்கு, சிப்பித்துறை மாதா கோயில் கோபுரத்தில் திசைக்கு ஒன்றாகக் கட்டியிருந்த நான்கு கூம்பு ஒலிபெருக்கிகளும், எங்கள் பங்குச்சாமி ததேயு மனத்துக்குள் நினைத்துக்கொண்டிருந்ததை ஊருக்கே கேட்கும்படி சொல்லத் தொடங்கின. அந்த நேரத்தில் ஊரில் மின்சாரம் இல்லை. மைக் பெட்டி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது, அலமாரிச் சாவி மைக்செட் லியோனின் இடுப்புக் கயிற்றில் கிடந்தது, லியோன் தன் வீட்டுத் தரையில் கவிழ்ந்து கிடந்தான். பத்தொன்பது சாவையும் அந்த மைக்கில் அறிவித்தவன் அவன்தான் என்பதால் அவன் பகலெல்லாம் அப்படித்தான் கிடப்பான்.

"பத்தொன்பது," என்றது கூம்பு. "பத்தொன்பது பேருக்கும் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளிய நின்னுதான் செபம் சொன்னேன். உள்ள போகல. சாகக் கெடந்தப்ப ஒருத்தருக்குக்கூட நெத்தியில எண்ணெய் தொட்டு வைக்கல. பயமா இருந்துச்சு. மறைமாவட்டத்து மேற்றிராணியார் போகாதேன்னு சொன்னாரு, சரிதான். ஆனா அவர் சொல்றதுக்கு முந்தியே நான் போகாம இருந்துட்டேன்."

சாமி மைக்கை அணைக்க மறந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தோம். முன்பும் அப்படி நடந்திருக்கிறது. ஒரு திருவிழாப் பூசை முடிந்து அங்கியைக் கழற்றும்போது பொத்தான் ஒன்று தெறித்து ஓடியதற்கு அவர் சொன்ன வார்த்தையை ஊர் ஒரு வருடம் சொல்லிச் சிரித்தது. அதனால் லியோன் எழுந்து, முகக்கவசத்தை ஒரு காதில் மாட்டியபடி ஓடி, அலமாரியைத் திறந்து பார்த்தான். பெட்டி குளிர்ந்து கிடந்தது. வயர்களைப் பிடுங்கினான், கூம்பு நிற்கவில்லை. சாமியின் பங்களாவுக்கு ஓடி ஜன்னல் வழியே பார்த்தான். ததேயு சாமி சாய்வுநாற்காலியில் கிடந்து, சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் மூடியிருந்தது. தலைக்கு மேலே கோபுரத்தில் அவருடைய குரல், அவருடைய ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பேச்சிலேயே, விடாமல் பேசிக்கொண்டிருந்தது.

"என்ன லியோன், மறுபடியும் யாராவதா?" என்று கேட்டார் சாமி.

"இல்ல சாமி. சும்மா."

"அப்பாடா," என்றார் சாமி. அதே நொடியில் கூம்பு, "இவன் வந்து நின்னாலே யாரு போயிட்டாங்கன்னுதான் தோணுது," என்றது. சாமியின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அவர் ஒருவருக்குத்தான் அது கேட்கவில்லை என்பது அப்போதுதான் லியோனுக்குப் புரிந்தது.

மூன்றே முக்காலுக்கு நின்றது. மறுநாள் மூன்று மணிக்கு மீண்டும் தொடங்கியது. மூன்றாம் நாள், பெண்கள் மூன்றுக்குள் பாத்திரம் கழுவி முடித்திருந்தார்கள். நான்காம் நாள், வலை பின்னுகிறவர்கள் ஊசியில் நூல் கோத்து வைத்துக்கொண்டு நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். ஒரு வாரத்துக்குள் குழந்தைகளைத் தூங்கவைக்கும் நேரம், மாத்திரை விழுங்கும் நேரம், கடனுக்கு அரிசி கேட்கப் போகும் நேரம் எல்லாம் அந்த முக்கால் மணி நேரத்துக்கு முன்னாலோ பின்னாலோ நகர்ந்து உட்கார்ந்துகொண்டன. ஊரடங்கால் கடலுக்குப் போக முடியாமல் கரையில் வரிசையாகக் கிடந்த படகுகளைப் போல ஆண்கள் வீட்டுக்குள் கிடந்தார்கள், படுத்தால் எழுந்தார்கள், எழுந்தால் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார்கள், திரும்பினால் மணி பார்த்தார்கள். ஒரு நாள் லியோன் கோபுரத்தில் ஏறிக் கூம்புகளின் வாயில் சாக்கை அடைத்தான். சாக்குக்குள்ளிருந்து சாமியின் மனம் சளிபிடித்த குரலில் பேசியது. பாதி வார்த்தை விளங்கவில்லை என்று ஊரார் குறை சொல்ல, மறுநாள் அவனே ஏறிச் சாக்கை எடுத்தான்.

ஊர்க்கமிட்டித் தலைவர் கொரைரா வலைக்கூடத்தில் கூட்டம் போட்டார். ஆளுக்கு ஆறடி விட்டு உட்கார்ந்ததில் கூட்டம் கூடத்தைத் தாண்டி மணலில் வெகுதூரம் போயிருந்தது. பேசியதைக் கடைசி ஆளுக்குக் கொண்டுசேர்க்க நடுவில் நான்கு பேர் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

"சாமிகிட்டச் சொல்லிரலாம்," என்றான் லியோன்.

"என்னன்னுவே சொல்லுவீரு?" என்று எகிறினார் கொரைரா. "ஒரு மனுசன் குளிச்சிட்டு இருக்கும்போது மறைப்புத் தட்டி விழுந்துட்டுன்னு வையும். பாத்தவன் மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவணுமா, இல்ல, 'அண்ணாச்சி, நான் பாத்துட்டேன்'னு சொல்லிட்டுப் போவணுமா?"

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. கோயில் கொடிமரத்தைத் தொட்டு, சாமியிடம் மூச்சுவிடுவதில்லை என்று ஆளாளுக்குச் சத்தியம் செய்தோம். கிராமச் செவிலியர் ஜெசிந்தா கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்று, தொடுவதற்கு முன்பு ஒரு முறையும் தொட்ட பிறகு ஒரு முறையும் எல்லோர் கையிலும் சானிடைசர் ஊற்றினாள். கடைசியாக அவளும் தொட்டாள்.

சத்தியம் செய்த பிறகுதான் உண்மையான பயம் பிடித்தது. கோயில் பூட்டியிருந்தாலும், பூவரச மரத்தடியில் நாற்காலி போட்டு, நடுவே ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டி, ஊரார் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைச் சாமி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஊரின் கள்ளம் முழுக்க அவர் நெஞ்சுக்குள் இருந்தது. அந்த நெஞ்சு இப்போது கோபுரத்தில் இருந்தது. இரண்டு நாள் ஊரில் ஒரு அடுப்பும் ஒழுங்காக எரியவில்லை. கணவர்கள் மனைவிகளிடம் காரணமில்லாமல் அன்பாக இருந்தார்கள். ஆனால் கூம்புக்கு ஒரு நேர்மை இருந்தது. சாமியின் நினைப்பு யாருடைய பாவத்தையாவது தொடும்போது பேச்சு நின்று, வண்டு சுற்றுவதைப் போல ஒரு ரீங்காரம் மட்டும் வரும்; அந்த நினைப்பு கடந்த பிறகு பேச்சு தொடரும். முதலில் ஊர் மூச்சுவிட்டது. பிறகு அதுவும் நிம்மதியைக் கெடுத்தது. ரீங்காரம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு சனிக்கிழமை அது நான்கு நிமிடம் நீண்டபோது தெருவே ராயப்பனைத் திரும்பிப் பார்த்தது.

"என்னைய ஏன்டா பாக்குதிய? நான் சங்கீர்த்தனத்துக்குப் போயே மூணு வருசமாச்சு!" என்று கத்தினான் ராயப்பன்.

"மூணு வருசத்துக்கு நாலு நிமிசம் சரியாத்தான் இருக்கு," என்றான் அவனுடைய மைத்துனன் மிசியேல்.

இப்படி நாங்கள் பழகினோம். இடையில் இன்னும் ஏழு பேரைப் புதைத்தோம். மழை வருகிற ஊர் குடையோடு பழகுவதைப் போல, ஒரு மனிதனுடைய கலக்கம் தினமும் முக்கால் மணி நேரம் தலைக்கு மேலே பெய்வதோடு பழகினோம். அவருக்குத் தூக்கம் வருவதில்லை, கண்ணை மூடினால் வெள்ளைப் பொட்டலங்களாகக் கட்டிய உடல்கள் வரிசையாகப் பெயர் கேட்கின்றன, அதிகாலைச் செபத்தில் வார்த்தைகள் வாயில் ஓடுகின்றன, மனம் வேறெங்கோ நிற்கிறது என்பதெல்லாம் ஊருக்குத் தெரிந்தது. அவர் எதிரில் வரும்போது, "நல்லா இருக்கீங்களா சாமி?" என்று கேட்டோம். "நல்லா இருக்கேன்," என்றார். "நீங்க?" என்றார். "நல்லா இருக்கோம்," என்றோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெசிந்தா ராயப்பன் வீட்டு வாசலில், அவனைத் தலையை அண்ணாந்து வைக்கச் சொல்லி மூக்குக்குள் குச்சியை விட்ட நேரம், கூம்பு அவளைப் பற்றிப் பேசியது.

"ஜெசிந்தா ஒரு பக்கமாச் சாஞ்சு நடக்குறா. காலையில என்னம்மான்னு கேக்க வாயெடுத்தேன். கேட்டா சொல்லிருவா. சொன்னா, அதை எங்க வைக்கிறது? எனக்குள்ள இடமில்ல. ஆசீர்வாதம் மட்டும் பண்ணிட்டு உள்ள வந்துட்டேன்."

ஜெசிந்தா அசையாமல் நின்றாள். குச்சி ராயப்பனின் மூக்கிலேயே நின்றது. கண்ணில் நீர் வடிய, அவன் "எக்கா... எக்கா..." என்று முனகியபோதுதான் அவள் அதை வெளியே எடுத்தாள். தெருவிலிருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். முதல் அலையின்போது அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, மாதாவே வெள்ளைச் சேலை கட்டி வந்ததாகச் சொல்லிக் கை தட்டியிருந்தோம். அதன் பிறகு அன்றுதான் அவளைப் பார்த்தோம் என்று தோன்றுகிறது. உண்மையாகவே ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நின்றாள், இடது தோளில் யாரோ உட்கார்ந்திருப்பதைப் போல. அவள் மாதிரிக் குழாயில் ராயப்பன் பெயரை எழுதினாள், கையுறையைக் கழற்றினாள், அடுத்த வீட்டுக்குப் போனாள். நாங்கள் பார்த்ததோடு சரி.

மறுநாள் புதன்கிழமை, கூம்பு வழக்கத்தைவிட அமைதியாகத் தொடங்கியது.

"ஞாயித்துக்கிழமை என் தனிப்பூசை முடிஞ்சதும் கடலுக்குள்ள நடந்து போயிரலாம். கடலோரத்துல ஆறு வருசம் இருந்தும் நீச்சல் கத்துக்கல. நல்லதாப் போச்சு."

அதற்கு மேல் அன்று அது எதுவும் பேசவில்லை. முக்கால் மணி நேரமும் காற்று இரைகிற சத்தம் மட்டும் வந்தது. பேசட்டும், ரசத்தைப் பற்றியாவது வெயிலைப் பற்றியாவது பேசட்டும் என்று வாசலில் நின்றோம். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களை எங்களுக்குத் தெரியும். போய்த் திரும்பாமலிருக்கப் பார்க்கிற ஒருவரை எப்படித் தடுப்பதென்று தெரியவில்லை. சத்தியமும் இருந்தது.

கொரைரா முதலில் கரையில் காவல் போட்டார். கோயிலிலிருந்து மணல்திட்டு வரைக்கும் ஆறடிக்கு ஒருவராக ஆட்கள் தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து, கிழியாத வலையைத் தைத்தார்கள். போலீஸ் வந்து விரட்டியது. விரட்டியதும் எழுந்தார்கள், ஜீப் திரும்பியதும் உட்கார்ந்தார்கள். அது போதாது, சாமியை ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவிடக் கூடாது என்றார் கொரைரா.

"வேலை இருந்தா மனுசன் சாவைப் பத்தி நெனைக்க மாட்டான்," என்றார். "சாமிக்கு வேலைன்னா என்ன? நம்ம பஞ்சாயத்துதான். பூசை இல்ல, திருவிழா இல்ல, ஊர்ல ரெண்டு மாசமா சண்டையும் இல்ல. அதான் மனுசன் இப்படி உக்காந்து யோசிச்சிருக்காரு. ஏ மக்கா, சண்டை போடுங்கலே."

எங்கள் கடற்கரையில் எந்தச் சண்டையும் கடைசியில் பங்குச்சாமியிடம்தான் போகும். போலீஸுக்குப் போவது அசிங்கம். அதனால் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வியாழன் காலையிலிருந்து பங்களா வாசலுக்குச் சண்டைகள் வரிசையாகப் போயின. குழாயடியில் யார் குடம் முன்னால் இருந்தது என்று இரண்டு பெண்கள் தலைமுடியைப் பிடிக்காத குறையாகப் போனார்கள். பூவரச மரத்தின் கிளை யாருடைய ஓட்டின் மேல் சாய்ந்திருக்கிறது என்று இரண்டு குடும்பங்கள் போயின. அந்தக் கிளையையே பார்த்திராதவர்கள் சாட்சிக்குப் போனார்கள். ராயப்பனும் மிசியேலும் ஒரு வலையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"இந்த வலை எம் மாமனார் எனக்குக் குடுத்தது சாமி," என்றான் ராயப்பன், முன்பே பேசிவைத்திருந்தபடி.

"எங்கப்பன் ஒனக்கு வலை குடுத்தாரா? எங்கப்பன் ஒனக்குப் பொண்ணைக் குடுத்ததையே கடைசிவரைக்கும் சொல்லிச் சொல்லி அழுதாரு," என்றான் மிசியேல். அது பேசிவைத்திருந்ததில் இல்லை.

ராயப்பன் வலையைக் கீழே போட்டான். பிறகு நடந்தது நடிப்பில்லை. ராயப்பனுக்கு உதடு கிழிந்தது, மிசியேலுக்குக் கண் வீங்கியது. சாமி ஆறடி தூரத்தை மறந்து நடுவே புகுந்து இருவரையும் பிரித்தார். இரண்டு நாளில் பதினோரு சண்டைகள். ஒவ்வொன்றையும் அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார், தீர்த்துவைத்தார், சிலுவை போட்டு அனுப்பினார். வெளியே வந்தவர்கள், சாமி முகத்தில் கொஞ்சம் தெளிச்சி தெரிகிறது என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூம்பு பேசியது.

"இத்தனை பேரைப் புதைச்ச பிறகும் வலைக்காக ரத்தம் வர அடிச்சுக்கிறாங்க. ஆறு வருசம் நான் சொன்னது ஒண்ணுகூட ஒட்டல. எதுக்கு இருந்தேன்? எதுக்கு ஞாயிறு வரைக்கும் இருக்கணும்? நாளைக்கே போயிரலாம்."

கொரைரா தலையில் கைவைத்து மணலில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் பிரியம் அவருடைய ஆயுளில் ஒரு நாளைக் குறைத்திருந்தது. இன்னும் ஒரு நாள் பிரியமாக இருந்தால் இன்றைக்கே போய்விடுவார் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. தோன்றியதும் யாருக்கும் நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தோம். ஒருத்தி வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வெறுமனே திரும்பிவந்தாள். லியோன் சாவியை இடுப்பிலிருந்து எடுத்தான், சொருகினான், எடுத்தான்.

ஜெசிந்தா மருந்துப் பையைக் கீழே வைத்துவிட்டுப் பங்களாவைப் பார்த்து நடந்தாள்.

"ஏ பிள்ள, எங்க போற?" என்று எழுந்தார் கொரைரா.

"சொல்லப் போறேன்."

"கொடிமரத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணியிருக்க."

"சானிடைசரும் ஊத்தியிருக்கேன். எல்லாம் கழுவிப்போயிருக்கும்."

"வெளாடாத. தெரிஞ்சா அந்த அவமானத்துலயே மனுசன்..."

"தலைவரே," என்று திரும்பினாள் ஜெசிந்தா. அவள் குரலை உயர்த்தி நாங்கள் கேட்டதில்லை; அப்போதும் உயர்த்தவில்லை. "போன வருசம் எனக்குப் பொன்னாடை போத்துனீங்க. இந்த ஊர்ல இருபத்தாறு பேரு கடைசி மூச்சை எண்ணிப் பாத்துட்டேன். சாப்புட்டியா, தூங்குனியான்னு ஒருத்தரு கேக்கல. கைதட்டுனீங்க. இப்ப சாமிக்கும் அதையேதான் செய்யுதீங்க. இன்னுங் கொஞ்சம் வேலை, இன்னுங் கொஞ்சம் கும்பிடு. அந்த மனுசனுக்கு ஒரு நாற்காலி குடுத்து உக்காரச் சொல்ல இந்த ஊர்ல ஆளில்ல."

கொரைரா வழியை விட்டார். நாங்கள் பங்களா வாசல்கதவு வரைக்கும் போய், வெளியே நின்றோம். உள்ளே நடந்ததைப் பின்னால் ஜெசிந்தாவே சொன்னாள். மீதியை அப்போதே கூம்பு சொன்னது.

சாமி தாழ்வாரத்தில் நின்றிருந்தார். "வாம்மா. யாரு யாரோட சண்டை?" என்று கேட்டார்.

"சண்டை ஒண்ணுமில்ல சாமி. ரெண்டு நாளா வந்ததெல்லாம் நடிப்பு."

"நடிப்பா? ராயப்பனுக்கு உதடு கிழிஞ்சிருச்சே."

"அது மட்டும் நெசம்."

சாமி அவளை உற்றுப் பார்த்தார். அவள் உட்கார்ந்தாள்; அவர் உட்காரும்வரை காத்திருந்து, நிதானமாகச் சொன்னாள். "உங்க மனசுல ஓடுறது இருபத்துநாலு நாளா கோயில் கூம்புல கேக்குது சாமி. தெனமும் மூணு மணிக்கு. ஊருக்கே கேக்குது. உங்களுக்குத்தான் கேக்கல."

"ஜெசி," என்றார் சாமி மென்மையாக, "நீ தூங்கி எத்தனை நாளாச்சு?"

"நாளாச்சு. அதை அப்புறம் சொல்லுறேன். நாளைக்குக் கடலுக்குள்ள போகப்போறீங்க. மொதல்ல ஞாயித்துக்கிழமைன்னு வச்சிருந்தீங்க. எங்க சண்டையால நாளைக்குன்னு மாத்திட்டீங்க. நான் சொல்லுறது பொய்யின்னா பொய்யின்னு சொல்லுங்க, எந்திருச்சுப் போயிருதேன்."

கோபுரத்திலிருந்து, "இவளுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டது. வாசலில் நின்ற நாங்கள் அண்ணாந்து பார்த்தோம். கொஞ்ச நேரம் கழித்து, மிகவும் தாழ்ந்து, "எல்லாருக்கும் தெரியும்," என்றது. அலை வந்து போகிற சத்தத்தை அத்தனை தெளிவாக நாங்கள் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

சாமிக்கு முகம் சிவந்தது. எழுந்தார். வாசலில் நின்ற எங்களைப் பார்த்தார். "இருபத்துநாலு நாளா கேட்டுட்டு எல்லாரும் சும்மாவா இருந்தீங்க?" என்று கத்தினார்.

"சும்மா இல்ல சாமி," என்றான் மிசியேல், வீங்கிய கண்ணோடு. "சண்டை போட்டோம்."

சாமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தோம், சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாக மாற, கூட்டம் பழக்கத்தில் இரண்டடி பின்வாங்கியது, அதைப் பார்த்து அவர் இன்னும் சிரித்தார், சிரிப்பின் நடுவில் எங்கோ அது அழுகையாகவும் ஆனது, தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். ஜெசிந்தா எழுந்து போய்ப் பிடிக்கவில்லை. நாற்காலியை மட்டும் காலால் அவர் பக்கம் தள்ளினாள். அவர் உட்கார்ந்தார்.

"இப்ப நான் சொல்லுறேன்," என்றாள். "உங்களுக்குள்ள இடமில்லைன்னு தெரியும். வைக்க வேண்டாம். கேட்டுட்டு விட்டுருங்க."

கூம்பில் ரீங்காரம் எழுந்தது. அவள் என்ன சொன்னாள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. வழக்கமான மூன்றே முக்காலைத் தாண்டி, அது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேரத்தையும் பார்க்கவில்லை. ராயப்பன் முதலில் முழங்கால் போட்டான், பிறகு ஒவ்வொருவராக, இடைவெளிவிட்டு, தெருவிலேயே.

ரீங்காரம் நின்றபோது ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "டவுன்ல எங்க மேலதிகாரி ஒரு மனநல டாக்டர் நம்பர் குடுத்தாரு," என்றாள். "பத்து நாளாப் பையிலயே கெடக்கு. தனியாப் போகக் கூச்சமா இருக்கு சாமி. நீங்களும் வாங்க."

"அங்க போய் நான் என்னம்மா சொல்றது?"

"இங்க மூணு மணிக்குச் சொல்லுறதைச் சொல்லுங்க."

சாமி வாசலில் நின்ற எங்களைப் பார்த்தார். "நான் இல்லாதப்ப யாராவது போயிட்டாங்கன்னா?" என்று கேட்டார்.

"நாங்க பொதைப்போம்," என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார் கொரைரா. "செபம் புஸ்தகத்துல இருக்கு. லியோன் வாசிப்பான்."

"நான் வாசிக்க மாட்டேன்," என்றான் லியோன். எல்லோரும் திரும்பினோம். அவன் சாவியை எடுத்துக் கொரைராவின் கையில் வைத்தான். "இருபத்தாறு பேரு பேரை வாசிச்சாச்சு. இப்பல்லாம் எம் மவ பேரைக் கூப்புட்டாலே, 'இறைவனடி சேர்ந்தார்'னு வாயில வருது. நானும் டாக்டர்ட்ட வாரேன்."

"கார்ல எடம் இருக்கு," என்றாள் ஜெசிந்தா.

அன்று ராத்திரி கொரைரா பங்களாத் தாழ்வாரத்தில் பாயை விரித்துக்கொண்டார். எதற்கு என்று சாமி கேட்கவில்லை. "கொசு கடிக்கும்," என்று தன் போர்வையைக் கொடுத்தார். டாக்டர் மறுநாள் மாலை ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். மாவட்டம் தாண்டுவதற்கு இணையத்தில் இ-பதிவு வேண்டும். சனிக்கிழமை காலையில் லியோன் போனில் படிவத்தைத் திறந்து, "பயணக் காரணம்? திருமணம், இறப்பு, மருத்துவம்," என்று வாசித்தான்.

"மருத்துவம்," என்றார் கொரைரா.

"என்ன நோய்னு கேக்கும்."

"வயித்துவலின்னு போடு. மூணு பேருக்கும் வயித்துவலி. கெட்ட நண்டு தின்னுட்டாங்க."

"மனசுன்னு போடு லியோன்," என்றார் சாமி.

"அது நல்லாவா இருக்கும் சாமி? படிக்கிறவன் என்ன நெனைப்பான்?"

"இருபத்துநாலு நாள் கோபுரத்துல கேட்டுச்சு. இனி கலெக்டர் ஆபீஸுக்குக் கேட்டா என்ன?"

லியோன் அப்படியே போட்டான். அனுமதி வந்தது. இரண்டரை மணிக்கு மூன்று பேரும் கொரைராவின் காரில் ஏறினார்கள். சாமி முன்னால், ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்களைப் பார்த்துச் சிலுவை போடக் கையைத் தூக்கி, பாதியில் நிறுத்தி, வெறுமனே ஆட்டினார். கார் போனது. திரும்பி வருவார் என்று நினைத்தோம், வராமலே மேற்றிராணியார் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார் என்றும் நினைத்தோம், டாக்டர் என்ன சொல்வாரோ என்றும் நினைத்தோம். வீட்டுக்குள் போகாமல், நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றோம். மூன்று மணி ஆனது. அவர் ஊரில் இல்லாததால் இனி பேசாது என்றார்கள் சிலர். கார் ஊர் எல்லையில் போலீஸ் தடுப்பில் அனுமதி சரிபார்க்கும் வரிசையில் நிற்கிறது, அது இன்னும் நம் ஊர்தான் என்றார்கள் சிலர்.

கூம்பு கனைத்தது.

"பசிக்குது," என்றது.

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. இத்தனை நாளில் அது ஒன்றைக்கூட வேண்டுமென்று கேட்டதில்லை.

"மீன் வேண்டாம்," என்றது கூம்பு. "ஆறு வருசமா மீனு. காலையில மீனு, மத்தியானம் மீனு, காய்ச்சல்ல கெடந்தப்பவும் மீனு. ஒரு நாளாவது மீனில்லாத சோறு தின்னா போதும் ஆண்டவரே."

சாவைப் பற்றி அது சொன்னபோதுகூட நாங்கள் இவ்வளவு திகைக்கவில்லை. ராயப்பனின் மனைவி, "என் அயிலைக் குழம்பை நக்கி நக்கித் தின்னாரே!" என்று மார்பில் கைவைத்தாள். "ஒன் குழம்பாலதான் மனுசன் கடலுக்குக் கெளம்பியிருக்காரு," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அதற்குள் கால்கள் ஓடத் தொடங்கியிருந்தன. வீடு வீடாகச் சட்டியைத் திறந்தார்கள், மூடினார்கள். எல்லாச் சட்டியிலும் மீன். கடைசியில் யாரோ ஒருத்தி கோழிக்கூட்டில் கைவிட்டாள், இன்னொருத்தி அடுப்பை ஊதினாள், கொதிக்கக் கொதிக்க ஆறு முட்டைகளைத் துண்டில் முடிந்துகொண்டு கொரைரா தெருவில் ஓடினார், முகக்கவசம் தாடையில் தொங்க, அறுபத்திரண்டு வயது உடம்பு குலுங்க, பின்னால் பாதி ஊரோடு.

தடுப்பில் நின்ற போலீஸ்காரர் லத்தியைத் தூக்கினார். "எதுக்கு இத்தனை பேரு? என்ன காரணம்?"

"சாமிக்குப் பசிக்குது," என்றார் கொரைரா மூச்சிரைக்க.

போலீஸ்காரர் கோபுரத்தை ஒருமுறை பார்த்தார். அவரும் தினமும் மூன்று மணிக்கு அங்கேதான் நின்றார். லத்தியை இறக்கினார். கார்க் கண்ணாடி இறங்கியது. ததேயு சாமி துண்டைப் பார்த்தார், முட்டைகளைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"மீனைப் பத்தியும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சாமி," என்றாள் ராயப்பனின் மனைவி.

அவர் வெட்கத்தோடு ஒரு முட்டையை எடுத்தார், சூடு தாங்காமல் கைமாற்றினார், காரின் கதவில் தட்டி ஓட்டை உடைத்தார். பின்சீட்டில் ஜெசிந்தா ஆளுக்கொன்றாக எடுத்து, ஒன்றை லியோனிடம் நீட்டினாள். சாமி கடிக்கப் போய் நிறுத்தினார். கூம்பு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டி, எங்களைப் பார்த்து, தன் வாயாலேயே கேட்டார்.

"கொஞ்சம் உப்பு கிடைக்குமா?"